ஃபெல்ப்ஸை வீழ்த்திய 50.39 விநாடிகள்... தங்கத்துக்குப் பிறகு ஜோசப் ஸ்கூலிங்குக்கு என்ன ஆனது? ஒரு குட்டித் தீவின் நீச்சல் வீரர் கதை

ஒலிம்பிக்கில் 23 தங்கம் வென்றவர் அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ். ஆனால், அவர் கலந்துகொண்ட கடைசி தனிநபர் போட்டியில் தங்கம் அவருக்குக் கிடைக்கவில்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கின் 100 மீட்டர் பட்டர்ஃபிளை போட்டி அது. ஃபெல்ப்ஸை முந்தி முதலில் சுவரைத் தொட்டவர், 21 வயதான ஜோசப் ஸ்கூலிங். நாடு, சிங்கப்பூர்.

சிங்கப்பூரின் ஒலிம்பிக் வரலாற்றில் அதுதான் முதல் தங்கம். அதற்குப் பிறகு டோக்கியோவிலும் பாரிஸிலும்கூட இன்னொரு தங்கம் வரவில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஐந்தே ஆண்டுகளில், டோக்கியோ ஒலிம்பிக்கில் அதே போட்டியில் அதே வீரர் 44ஆவது இடம். அதற்கடுத்த ஆண்டு ராணுவச் சீருடை, கஞ்சா சர்ச்சை. 28 வயதில் ஓய்வு. இடையில் என்ன நடந்தது? ஒரு சின்ன நாடு ஒரு தங்கத்துக்காக என்னவெல்லாம் கொடுத்தது? அந்த வீரர் என்ன கொடுத்தார்? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த ஜோசப் ஸ்கூலிங்?

1995 ஜூன் 16ஆம் தேதி சிங்கப்பூரில் பிறந்தவர் ஸ்கூலிங். அப்பா காலின் ஸ்கூலிங், அம்மா மே ஸ்கூலிங். வீட்டுக்கு ஒரே பிள்ளை. ஆசிய, ஐரோப்பிய வம்சாவளிகள் கலந்த யூரேசிய சமூகத்தைச் சேர்ந்த குடும்பம்.

ஒலிம்பிக் இந்தக் குடும்பத்துக்குப் புதிதல்ல. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் கலந்துகொண்ட லாயிட் வால்பெர்க்தான் சிங்கப்பூர் சார்பில் ஒலிம்பிக் போன முதல் ஆள். அவர் ஸ்கூலிங்குக்குத் தாத்தா முறை. அந்தக் கதையைக் கேட்டுத்தான் சிறு வயதிலேயே ஒலிம்பிக் ஆசை வந்தது என்று ஸ்கூலிங் குடும்பத்தினர் சொல்வார்கள்.

2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு முன்பு அமெரிக்க நீச்சல் அணி சிங்கப்பூரில் தங்கிப் பயிற்சி எடுத்தது. அப்போது 13 வயதுச் சிறுவனாக, மூக்குக் கண்ணாடியுடன் ஃபெல்ப்ஸ் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார் ஸ்கூலிங். எட்டு ஆண்டுகள் கழித்து அதே ஃபெல்ப்ஸைத் தோற்கடித்தபோது, அந்தப் பழைய போட்டோ உலகம் முழுக்க வைரலானது.

அந்த இரண்டு போட்டோக்களுக்கும் நடுவில் இருந்த எட்டு ஆண்டுகள்தான் இந்தக் கதையின் முக்கியமான பகுதி.

சிங்கப்பூரில் குளங்கள் இருந்தன... பிறகு ஏன் அமெரிக்கா?

சிங்கப்பூர் சின்ன நாடுதான். பரப்பளவு 750 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. ஆனால் ஏழை நாடு இல்லை. குடியிருப்புப் பகுதிகளில் பொது நீச்சல் குளங்கள் உண்டு. விளையாட்டுக்கென்றே தனிப் பள்ளி உண்டு. அப்படியென்றால் என்னதான் குறை?

குறை, பக்கத்து லேனில் இருந்தது. உலகத் தரத்தில் நீந்த வேண்டுமென்றால், தினமும் பயிற்சியில் நம்மை முந்தக்கூடிய நாலு பேர் கூடவே இருக்க வேண்டும். வாரா வாரம் கடுமையான போட்டிகள் வேண்டும். படிப்பும் நீச்சலும் ஒரே இடத்தில் நடக்க வேண்டும். மக்கள்தொகை குறைவான நாட்டில் இது கஷ்டம். ஒரு பையன் கொஞ்சம் வேகமாக நீந்தினாலே, அந்த ஊரில் அவனுக்குப் போட்டியாக ஆளே இருக்காது.

அதனால்தான் 14 வயதில் ஸ்கூலிங் அமெரிக்காவுக்குப் போனார். ஃபுளோரிடா மாகாணத்தின் ஜாக்சன்வில் நகரில் உள்ள போல்ஸ் பள்ளி. நீச்சலுக்குப் பெயர்போன இடம். அங்கே பயிற்சியாளர் செர்ஜியோ லோபஸ். 1988 சியோல் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் ஸ்பெயினுக்காக வெண்கலம் வென்றவர்.

ஒரே பிள்ளையை 14 வயதில் உலகத்தின் மறுபக்கத்துக்கு அனுப்புவது சும்மா இல்லை. பள்ளிக் கட்டணம், பயிற்சி, பயணம் என்று ஆரம்ப ஆண்டுகளில் பெரும் செலவைத் தாங்கியது குடும்பம்தான். அரசு உதவியும் ஸ்பான்சர்களும் பெரிய அளவில் வந்தது பிறகுதான்.

அதே பள்ளி, அதே போட்டி... இன்னொரு சின்ன நாடு!

இங்கே ஒரு சுவாரஸ்யமான ஒற்றுமை இருக்கிறது. ஸ்கூலிங்குக்கு 28 ஆண்டுகளுக்கு முன்பே இதே பாதையில் ஒருவர் போயிருக்கிறார். அவர் பெயர் ஆன்டனி நெஸ்டி.

தென் அமெரிக்காவில் உள்ள சுரினாம் நாட்டுக்காரர். அது தீவு இல்லை, ஆனால் மிகச் சிறிய நாடு. அன்றைக்கு அந்த நாட்டில் ஒலிம்பிக் அளவிலான 50 மீட்டர் குளம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நெஸ்டியும் ஜாக்சன்வில் போல்ஸ் பள்ளிக்குப் போனார். 1988 சியோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் பட்டர்ஃபிளையில் அமெரிக்காவின் மேட் பியாண்டியை 0.01 விநாடியில் தோற்கடித்து தங்கம் வென்றார். நெஸ்டியின் நேரம் 53.00. பியாண்டியின் நேரம் 53.01.

இரண்டு சின்ன நாடுகள், ஒரே பள்ளி, ஒரே போட்டி, இரண்டு தங்கம். ஒரு நாட்டில் ஒலிம்பிக் அளவிலான குளம் ஒன்றே ஒன்று, இன்னொரு நாட்டில் குளத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் இரண்டு பேருமே ஊரை விட்டுக் கிளம்பித்தான் ஆக வேண்டியிருந்தது. அதாவது, பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சின்ன நாட்டால் தனியாகக் கொடுக்க முடியாத ஒன்று உண்டு. அது போட்டி.

லண்டன் 2012: நீச்சல் கண்ணாடியால் வந்த சோதனை

2011 தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டியில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1 நிமிடம் 56.67 விநாடிகளில் முடித்தார் ஸ்கூலிங். அது லண்டன் ஒலிம்பிக்குக்கான நேரடித் தகுதியைப் பெற்றுத் தந்தது. அப்போது அவருக்கு 16 வயது.

ஆனால் லண்டனில் நடந்தது வேறு. 200 மீட்டர் பட்டர்ஃபிளை போட்டி தொடங்கும் சமயத்தில், அவர் போட்டிருந்த நீச்சல் கண்ணாடிக்கும் தொப்பிக்கும் அனுமதி இல்லை என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். கடைசி நேரத்தில் வேறு கண்ணாடி, வேறு தொப்பி தேட வேண்டியதாயிற்று. பதற்றத்தோடு குளத்தில் குதித்தவர் 2 நிமிடம் 00.14 விநாடிகள் எடுத்துக்கொண்டார். அவருடைய சிறந்த நேரத்தைவிட மூன்றரை விநாடி அதிகம். அரையிறுதிக்குப் போக முடியவில்லை.

17 வயதில் முதல் ஒலிம்பிக் இப்படி முடிந்தது. ஆனால் அதைவிடப் பெரிய பிரச்னை ஊரில் காத்திருந்தது.

18 வயதில் குறுக்கே வந்த சட்டம்

சிங்கப்பூரில் 'தேசிய சேவை' கட்டாயம். அதாவது ஆண் குடிமக்கள் 18 வயதை எட்டியதும் ராணுவத்திலோ, காவல் துறையிலோ, குடிமைத் தற்காப்புப் படையிலோ இரண்டு ஆண்டுகள் முழுநேரப் பணி செய்ய வேண்டும். பணக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் சரி, டாக்சி டிரைவர் பிள்ளைக்கும் சரி, ஒரே விதிதான். 'யாருக்கும் விலக்கு இல்லை' என்பதில்தான் அந்தச் சட்டத்தின் மரியாதையே இருக்கிறது.

நீச்சல் வீரருக்கு இதில் என்ன சிக்கல்? 18 முதல் 25 வயது வரைதான் பெரும்பாலான வீரர்களின் உச்ச காலம். நீச்சலில் சில வாரங்கள் தண்ணீரை விட்டு விலகினாலே உடல் அந்த 'ஃபீல்' இழந்துவிடும் என்பார்கள். இரண்டு ஆண்டுகள் என்றால்? ஒரு ஒலிம்பிக் கனவு அப்படியே போய்விடும்.

2013இல் சிங்கப்பூர் பாதுகாப்பு அமைச்சகம் ஒரு முடிவை அறிவித்தது. ரியோ ஒலிம்பிக் முடியும் வரை ஸ்கூலிங்கின் தேசிய சேவையைத் தள்ளிவைக்கலாம் என்பதுதான் அது. கவனிக்க: இது விலக்கு இல்லை, ஒத்திவைப்புதான். ஒலிம்பிக்கில் பதக்கம் வெல்ல வாய்ப்புள்ளவர் என்று கருதப்படும் மிகச் சிலருக்கே இது கிடைக்கும். இன்னொரு நீச்சல் வீரரான குவா ஜெங் வென்னுக்கும் இதே சலுகை கிடைத்தது.

இந்த முடிவில் ஒரு சிக்கலான கேள்வி ஒளிந்திருக்கிறது. 'என் பையன் படிப்பை நிறுத்திவிட்டுப் போகிறான், இன்னொருவர் பையன் நீச்சலுக்காகப் போகாமல் இருக்கலாமா?' என்பதுதான் அது. அதற்கு அரசு சொன்ன மறைமுகமான பதில்: 'அவர் குளத்தில் நாட்டுக்காகச் சேவை செய்கிறார்'. அன்றிலிருந்து ஸ்கூலிங் நீந்திய ஒவ்வொரு போட்டியும் அவருடைய சொந்தப் போட்டியாக மட்டும் இல்லை. நாடு கொடுத்த கடனுக்கான தவணையாகவும் அது மாறியது.

ஏறுமுகம்: 2014 முதல் 2016 வரை

அடுத்த மூன்று ஆண்டுகள் ஸ்கூலிங் அந்தத் தவணைகளை வட்டியோடு கட்டினார் என்றே சொல்லலாம்.

▪️ 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்: 100 மீட்டர் பட்டர்ஃபிளையில் வெள்ளி. காமன்வெல்த் நீச்சலில் சிங்கப்பூரின் முதல் பதக்கம். தங்கம் வென்றவர் தென்னாப்பிரிக்காவின் சாட் லே கிளோஸ்.

▪️ 2014 இன்சியான் ஆசிய விளையாட்டு: 100 மீட்டர் பட்டர்ஃபிளையில் தங்கம். 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் ஆங் பெங் சியோங் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் வென்ற பிறகு, 32 ஆண்டுகள் கழித்து சிங்கப்பூர் ஆண்கள் நீச்சலுக்குக் கிடைத்த ஆசிய தங்கம் இது.

▪️ 2015 தென்கிழக்கு ஆசிய விளையாட்டு: சொந்த மண்ணில் ஒன்பது போட்டிகளில் இறங்கி ஒன்பதிலும் தங்கம்.

▪️ 2015 கசான் உலக சாம்பியன்ஷிப்: 100 மீட்டர் பட்டர்ஃபிளையில் 50.96 விநாடிகளில் வெண்கலம். அப்போதைய ஆசிய சாதனை. உலக நீச்சலில் பதக்கம் வென்ற முதல் சிங்கப்பூர் வீரர் என்ற பெருமையும் வந்தது.

இதற்கிடையே பள்ளி முடிந்து டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்தார். அங்கே பயிற்சியாளர் எடி ரீஸ், அமெரிக்க நீச்சலின் ஜாம்பவான்களில் ஒருவர். 2015, 2016 இரண்டு ஆண்டுகளும் அமெரிக்கக் கல்லூரிகளுக்கான என்சிஏஏ போட்டியில் 100, 200 யார்டு பட்டர்ஃபிளை இரண்டிலும் ஸ்கூலிங்தான் சாம்பியன்.

ரியோவில் அன்று என்ன நடந்தது?

2016 ஆகஸ்ட் 12, ரியோவில் இரவு. சிங்கப்பூரில் மறுநாள் காலை. இறுதிப் போட்டியில் எட்டு பேர். லண்டன் வரை தொடர்ந்து மூன்று ஒலிம்பிக்கில் இதே போட்டியில் தங்கம் வென்ற ஃபெல்ப்ஸ். உலக சாம்பியன் லே கிளோஸ். ஹங்கேரியின் அனுபவசாலி லாஸ்லோ செக். இவர்களுக்கு நடுவே ஸ்கூலிங். அரையிறுதியில் 50.83 விநாடிகளில் முதலிடம் பிடித்திருந்ததால் அவரை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

பாதித் தூரத்தில் திரும்பும்போதே முன்னிலை. கடைசி வரை யாரும் நெருங்க முடியவில்லை. 50.39 விநாடிகள். 2008இல் ஃபெல்ப்ஸ் வைத்திருந்த 50.58 என்ற ஒலிம்பிக் சாதனை காலி.

அதைவிட ஆச்சர்யம் அடுத்து நடந்தது. ஃபெல்ப்ஸ், லே கிளோஸ், செக் மூன்று பேருமே சரியாக 51.14 விநாடிகளில் முடித்தார்கள். மூவருக்கும் வெள்ளி. வெண்கலம் யாருக்கும் இல்லை.

முதலிடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் வித்தியாசம் 0.75 விநாடி. இது எவ்வளவு பெரிது? 2004இல் ஃபெல்ப்ஸ் இதே போட்டியை வென்றது 0.04 விநாடியில். 2008இல் 0.01 விநாடியில். 2012இல் 0.23 விநாடியில். இப்படி விரல் நுனியில் முடிவாகும் போட்டியில் முக்கால் விநாடி என்பது கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் தூரம். மற்றவர்கள் சுவரைத் தொடுவதற்குள் ஸ்கூலிங் திரும்பிப் பார்த்திருக்கலாம்!

சிங்கப்பூர் அதுவரை ஒலிம்பிக்கில் வென்றிருந்த பதக்கங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 1960 ரோமில் பளுதூக்கும் வீரர் டான் ஹோவ் லியாங் வென்ற வெள்ளி. பிறகு 2008இலும் 2012இலும் டேபிள் டென்னிஸில் கிடைத்த மூன்று பதக்கங்கள். அவ்வளவுதான். முதல் தங்கம் வந்த அன்று நாடே கொண்டாடியதில் ஆச்சர்யம் இல்லை.

10 லட்சம் டாலர் பரிசு... நாடாளுமன்றத்தில் வரவேற்பு

ஒலிம்பிக் தங்கத்துக்கு உலகிலேயே அதிகப் பரிசுத் தொகை தரும் நாடுகளில் ஒன்று சிங்கப்பூர். தனிநபர் தங்கத்துக்கு 10 லட்சம் சிங்கப்பூர் டாலர். ஒப்பிட்டுப் பாருங்கள்: அதே ரியோவில் தங்கம் வென்ற அமெரிக்க வீரருக்கு அவர்களது ஒலிம்பிக் கமிட்டி கொடுத்தது 25,000 அமெரிக்க டாலர்.

காரணம் எளிது. அமெரிக்காவுக்குத் தங்கம் வழக்கம். சிங்கப்பூருக்கு அது முதல் முறை. இந்தத் தொகையில் 20 சதவீதம் நீச்சல் சங்கத்துக்குப் போக வேண்டும், அடுத்த தலைமுறைப் பயிற்சிக்காக. மீதிக்கு வரியும் உண்டு.

ஊர் திரும்பியவருக்கு நாடாளுமன்றத்தில் வரவேற்பு, திறந்த பேருந்தில் ஊர்வலம். தேசிய சேவை ஒத்திவைப்பும் டோக்கியோ ஒலிம்பிக் வரை நீட்டிக்கப்பட்டது. கொரோனாவால் டோக்கியோ ஓராண்டு தள்ளிப்போனதும், இந்த ஒத்திவைப்பும் 2021 வரை நீண்டது.

பரிசு கிடைத்தது. கூடவே எதிர்பார்ப்பும் வந்தது. இனி வெள்ளி வென்றாலும் அது தோல்வியாகத்தான் பார்க்கப்படும்.

உச்சத்துக்குப் பிறகு சரிவு ஏன்?

'தங்கம் வென்றதும் ஆள் அசந்துவிட்டார்' என்று பலர் எளிதாகச் சொல்லிவிட்டார்கள். எண்களைப் பார்த்தால் விஷயம் அவ்வளவு எளிது இல்லை.

2017 புடாபெஸ்ட் உலக சாம்பியன்ஷிப்பில் ஸ்கூலிங் 50.83 விநாடிகளில் நீந்தினார். ரியோ அரையிறுதியில் முதலிடம் பெற்றுத் தந்த அதே நேரம். ஆனால் இங்கே அது வெண்கலம்தான், அதுவும் பிரிட்டனின் ஜேம்ஸ் கையுடன் பகிர்ந்துகொண்டது. ஏனென்றால் அமெரிக்காவின் கேலெப் டிரெசல் 49.86 விநாடிகளில் முடித்துவிட்டார். ஹங்கேரியின் இளம் வீரர் கிரிஸ்டோஃப் மிலாக் 50.62 விநாடிகளில் வெள்ளி.

அதாவது ஸ்கூலிங் நின்ற இடத்தில் நின்றார், போட்டி முன்னே ஓடிவிட்டது. உலக நீச்சலில் ஒரே வேகத்தில் இருப்பது என்பதே பின்தங்குவதுதான்.

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 50, 100 மீட்டர் பட்டர்ஃபிளை இரண்டிலும் தங்கம் வென்றார். ஆசிய அளவில் அவரை அசைக்க ஆள் இல்லை. ஆனால் 2019 குவாங்ஜு உலக சாம்பியன்ஷிப்பில் 100 மீட்டர் பட்டர்ஃபிளை அரையிறுதிக்கே போக முடியவில்லை. இனி வேகம் திரும்புமா என்ற கேள்வி அங்கேதான் சத்தமாக எழுந்தது.

டோக்கியோ: அதே எண், வேறொருவர் பெயரில்

2021 டோக்கியோவில் தகுதிச் சுற்று. ஸ்கூலிங்கின் நேரம் 53.12 விநாடிகள். ரியோவில் நீந்தியதைவிட 2.73 விநாடி அதிகம். தூரத்தில் சொன்னால் ஐந்து மீட்டருக்கும் மேல். ஒட்டுமொத்தமாக 44ஆவது இடம்.

விதியின் விளையாட்டைப் பாருங்கள். அதே தகுதிச் சுற்றில் டிரெசல் நீந்திய நேரம் 50.39. அச்சு அசலாக ஸ்கூலிங்கின் ஒலிம்பிக் சாதனை. அரையிறுதியில் அந்தச் சாதனை முறியடிக்கப்பட்டது. இறுதிப் போட்டியில் டிரெசல் 49.45 விநாடிகளில் புதிய உலக சாதனையே படைத்துவிட்டார்.

போட்டி முடிந்ததும் சிங்கப்பூர் சமூக வலைத்தளங்களில் கேலியும் கோபமும் கொட்டியது. 'இதற்காகவா இத்தனை ஆண்டுகள் தள்ளிவைத்தோம்?' என்ற தொனி. கூடவே அவருக்கு ஆதரவாகவும் பலர் பேசினார்கள்.

அதே ஆண்டு நவம்பரில் அப்பா காலின் காலமானார். மகனின் நீச்சல் வாழ்க்கைக்கு முதுகெலும்பாக இருந்தவர் அவர்தான்.

சீருடையும் கஞ்சா சர்ச்சையும்

2022 ஜனவரியில், 26 வயதில், ஸ்கூலிங் தேசிய சேவையில் சேர்ந்தார். மற்றவர்கள் 18 வயதில் சேரும் இடம் அது.

அந்த ஆண்டு மே மாதம் வியட்நாமின் ஹனோயில் தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டி. அதற்காக ராணுவம் அவரைத் தற்காலிகமாக விடுவித்தது. 100 மீட்டர் பட்டர்ஃபிளையில் தங்கமும் வென்றார்.

ஆகஸ்ட் 30ஆம் தேதி பாதுகாப்பு அமைச்சகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்த மே மாதம் வெளிநாட்டில் கஞ்சா பயன்படுத்தியதை ஸ்கூலிங் ஒப்புக்கொண்டதாகச் சொன்னது அந்த அறிக்கை. சிறுநீர்ப் பரிசோதனையில் போதைப்பொருள் எதுவும் தெரியவில்லை. ஒப்புதல் அவருடைய வாயிலிருந்து வந்தது.

வெளிநாட்டில்தானே, அதில் என்ன? இங்கேதான் சிங்கப்பூர் சட்டம் வேறுபடுகிறது. உலகின் மிகக் கடுமையான போதைப்பொருள் சட்டங்களில் ஒன்று அது. சிங்கப்பூர்க் குடிமகன் எந்த நாட்டில் போதைப்பொருள் எடுத்தாலும், சொந்த நாட்டில் எடுத்ததாகவே சட்டம் கருதும்.

ஸ்கூலிங்குக்குக் கிடைத்த நடவடிக்கைகள் இவை:

▪️ முறையான எச்சரிக்கைக் கடிதம்.

▪️ ஆறு மாதம் கண்காணிப்புடன் சிறுநீர்ப் பரிசோதனை.

▪️ தேசிய சேவை முடியும் வரை பயிற்சிக்கோ போட்டிக்கோ விடுப்பு கிடையாது.

கடைசி வரிதான் பெரிய அடி. 2023இல் நடந்த தென்கிழக்கு ஆசிய விளையாட்டும் ஆசிய விளையாட்டும் கைநழுவிப் போயின. வாழ்க்கையில் மிகக் கடினமான ஒரு காலத்தில் தடுமாறிவிட்டதாகச் சொல்லி, குடும்பத்திடமும் ரசிகர்களிடமும் ஸ்கூலிங் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

தேசிய சேவை முடிந்த பிறகு, 2024 ஏப்ரல் 2ஆம் தேதி போட்டி நீச்சலிலிருந்து ஓய்வை அறிவித்தார்.

ஸ்கூலிங் ஜெயித்தாரா, தோற்றாரா?

டோக்கியோவை வைத்துப் பார்த்தால் தோல்வி. ரியோவை வைத்துப் பார்த்தால் வெற்றி. ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது.

பெரிய நாடுகளில் ஒரு வீரர் சரிந்தால் அடுத்தவர் தயாராக இருப்பார். ஃபெல்ப்ஸ் போனதும் டிரெசல் வந்தார். ஃபெல்ப்ஸின் முதுமையை அமெரிக்கா ஒரு நெருக்கடியாக உணரவே இல்லை. சின்ன நாட்டில் அப்படி இல்லை. அங்கே எல்லா நம்பிக்கையும் ஒரே ஆளின் தோளில். அவர் சோர்ந்தால் நாட்டின் கனவே சோர்ந்த மாதிரி. 21 வயதில் உச்சம் தொட்டு 26இல் வேகம் குறைவது நீச்சலில் சாதாரணம். அமெரிக்கராக இருந்திருந்தால் யாரும் அவரை அடுத்த ஒலிம்பிக்குக்கு இழுத்திருக்க மாட்டார்கள், தகுதிப் போட்டியிலேயே கதை முடிந்திருக்கும்.

தேசிய சேவை ஒத்திவைப்பும் இதே மாதிரி இருமுனைக் கத்திதான். அது இல்லையென்றால் ரியோ தங்கத்துக்கு வாய்ப்பே குறைவு. ஆனால் அது இருந்ததாலேயே, வேகம் குறைந்த பிறகும் 'நாடு காத்திருக்கிறது' என்ற சுமையோடு ஐந்து ஆண்டுகள் நீந்த வேண்டியிருந்தது. விலக்கு கொடுத்திருந்தால் மற்ற குடும்பங்களுக்கு அநியாயம். ஒத்திவைப்பு கொடுத்ததால் கடன் வளர்ந்துகொண்டே போனது. இதில் யார் மீதும் சுலபமாகப் பழி போட முடியாது.

மாற்றம் வந்திருக்கிறதா? 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 17 வயது மேக்ஸ் மேடர், கைட்ஃபாயிலிங் எனப்படும் பட்டத்தால் இழுக்கப்படும் படகுச் சறுக்கில் சிங்கப்பூருக்கு வெண்கலம் வென்றார். அதன் பிறகு அவருக்கும் 18 வயது ஆனது. ஸ்கூலிங் விஷயத்தில் எழுந்த அதே கேள்விகள், அடுத்தடுத்த வீரர்களுக்கும் எழும்.

ஒரே பார்வையில்: ஜோசப் ஸ்கூலிங்

▪️ பிறப்பு: 1995 ஜூன் 16, சிங்கப்பூர்

▪️ 14 வயதில்: அமெரிக்காவின் போல்ஸ் பள்ளிக்குப் பயணம்

▪️ 2012: லண்டன், முதல் ஒலிம்பிக்

▪️ 2013: தேசிய சேவை ஒத்திவைப்பு

▪️ 2014: காமன்வெல்த் வெள்ளி, ஆசிய தங்கம்

▪️ 2015, 2017: உலக சாம்பியன்ஷிப் வெண்கலம்

▪️ 2016: ரியோ தங்கம், 50.39 விநாடிகள்

▪️ 2018: ஆசிய விளையாட்டில் பட்டர்ஃபிளையில் இரண்டு தங்கம்

▪️ 2021: டோக்கியோ, 44ஆவது இடம்

▪️ 2022: தேசிய சேவை, கஞ்சா சர்ச்சை

▪️ 2024: ஓய்வு

ஸ்கூலிங்கின் ஒலிம்பிக் சாதனை போய்விட்டது. ஆனால் சிங்கப்பூர்க் குளங்களில் இன்று நீந்தும் பிள்ளைகளுக்கு 'நம்ம ஊர்க்காரர் ஒருவர் ஃபெல்ப்ஸைத் தோற்கடித்திருக்கிறார்' என்பது தெரியும். 2008இல் 13 வயது ஸ்கூலிங்குக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள, சொந்த ஊரில் ஒலிம்பிக் தங்கம் வென்ற ஒருவர்கூட இருந்ததில்லை.